இடக்கைச் சுற்று

சிரில் ஒட்டோனிச்சரைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். லிப்போவ்கா ஆற்றில் தூண்டிலுக்கு அவன் நூலால் கட்டிய பொய் ஈ மாதிரி மிதக்கிற ஈ வேறு யாருக்கும் கட்ட வராது என்பது ஒன்று. அதே ஆற்றில் தடைக்காலத்தில் திருட்டு மீன் பிடித்து மாட்டிக்கொண்டான் என்பது இன்னொன்று. முதலாவதில் பாதிதான் உண்மை. இரண்டாவது முழுப் பொய். அந்தப் பொய்யை ஊருக்குக் கொடுத்தவன் நான்தான்.

என் பெயர் யெர்னெய். இருபத்தாறு வருஷம் அந்த ஆற்றுக்குக் காவலனாக இருந்தேன். எங்கள் பக்கத்தில் மீன்பிடிச் சங்கத்தைக் ‘குடும்பம்’ என்றுதான் சொல்வோம். குடும்பம் என்றாலே எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் குடும்பத்தின் காவல் நாய் நான். நன்றாகக் குரைப்பேன் என்று பெயர் வாங்கியவன்.

சிரிலும் நானும் ஒரே வகுப்பு. அவன் மனைவி மில்கா எங்களுக்கு ஒரு வகுப்பு கீழே. சிரிலுக்கு இடக்கைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து வலக்கையால் எழுத வைத்தார்கள். எழுத்து மட்டும்தான் வலக்கைக்குப் போனது, மற்றதெல்லாம் இடக்கையிலேயே தங்கிவிட்டது. பதினாறு வயதில் மரம் அறுக்கும் ஆலையில் சேர்ந்தான். ஆலையில் வேலை பார்த்தவர்களிடம் கைகுலுக்கினால் ஒரு விரலோ இரண்டு விரலோ குறையும். இவன் மட்டும், “பத்து விரலோட போனேன், பத்து விரலோட வந்தேன்” என்று பெருமை அடித்துக்கொள்வான்.

“வந்து என்ன பிரயோஜனம்? அந்தப் பத்து விரலும் சேர்ந்து ஒரு தட்டு கழுவியிருக்குமா?” என்பாள் மில்கா.

தட்டுதான் அந்த வீட்டில் பெரிய சண்டை. ஈ கட்டி முடித்ததும் சூப்புத் தட்டில் தண்ணீர் ஊற்றி, முழ உயரத்திலிருந்து அதைப் போட்டுப் பார்ப்பான் சிரில். நிமிர்ந்து உட்கார்ந்தால் டப்பாவுக்குள் போகும். சாய்ந்து விழுந்தால் பிளேடால் நூலை அறுத்துவிட்டு அதே கொக்கியில் மறுபடி ஆரம்பிப்பான். மேசையில் தட்டுத் தட்டாகத் தண்ணீர் நிற்கும். “சூப்பை எதுல ஊத்தறது? உன் தலையிலயா?” என்று அவள் கேட்பாள். இவன் நிமிரக்கூட மாட்டான்.

அவ்வளவு பாடுபட்டுக் கட்டுகிற அந்தச் சாமான், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கொக்கி. அதன்மேல் நூல். வாத்தின் வாலடியில் எண்ணெய் சுரக்கிற இடத்தைச் சுற்றி இருக்கும் பஞ்சு இறகு இரண்டு மூன்று. அது தண்ணீரில் நனையாது. உடம்பைச் சுற்றி முடி கனத்தில் ஒரு செம்புக் கம்பி. நம்மை ஏமாற்ற அது போதும், ட்ரவுட் மீனையும் ஏமாற்றிவிடலாம். ஆனால் லிப்பன் மீன் இருக்கிறதே, அது மாமியார் மாதிரி. கீழேயிருந்து பார்த்துக்கொண்டே வரும். மூக்கு இடிக்கிற தூரத்தில் நிற்கும். பிடிக்கவில்லையென்றால் முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு திரும்பிப் போய்விடும். சிரிலின் ஈயை மட்டும் அது சந்தேகப்படுவதில்லை. வியன்னாவிலிருந்தும் ஊடினேயிலிருந்தும் ஆட்கள் காரில் வந்து விடுதியில் தங்கி, “சிரிலின் கை” என்று கேட்டு வாங்கிப் போவார்கள்.

அவன் ஈயை யாரும் போலி பண்ண முடியாது. எல்லோரும் வலக்கையால் சுற்றுவதால் செம்புக் கம்பி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இவன் இடக்கையால் சுற்றுவதால் மறுபக்கம் சாயும். பூதக்கண்ணாடி வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் சங்கத்தில் ஈ கட்டுகிற ஒவ்வொருவனுக்கும் ‘சொந்த ஈ’ என்று ஒன்று இருக்கும். அவனே கண்டுபிடித்தது. அதை விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது, சொந்தத் தம்பி கேட்டாலும் காட்டிவிட்டு டப்பாவை மூடிவிட வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் எழுதி வைத்த சட்டத்தை மீறினவர்களை மன்னித்திருக்கிறோம், இதை மீறினவனை மன்னித்ததில்லை. சிரிலின் சொந்த ஈக்கு ஊதா நூலில் உடம்பு, சாம்பல் இறகில் சிறகு. அதைத் தண்ணீரில் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறோம்.

1986 ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். லிப்பன் முட்டையிடுகிற காலம் அது. பாலத்துக்குக் கீழே கூழாங்கல் திட்டில் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். அந்த ஆறு வாரம் எங்கள் ஊரில் யாரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் போன மாட்டைக்கூடச் சுற்றி வந்துதான் ஓட்டுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் ரோந்து போனபோது திட்டு முழுக்க பூட்ஸ் தடம். முட்டை மிதிபட்டுக் கிடந்தது. கரையில் மூன்று பெட்டை மீனின் குடல். சினையோடு கீறியிருந்தான் பாவி. இளந்தளிர் வாசனை மாதிரி புது லிப்பனுக்கு ஒரு வாசனை உண்டு, அது இன்னும் புல்லில் இருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. மேலே வில்லோ மரக்கிளையில் அறுந்த தூண்டில் நரம்பு தொங்கியது. அதன் நுனியில் ஊதா உடம்பு, சாம்பல் சிறகு. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கம்பி மறுபக்கம் சாய்ந்திருந்தது.

வேறு யாருடைய ஈயாக இருந்தாலும் நேரே அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டிருப்பேன். சிநேகிதன் என்பதால் கேட்கவில்லை. கேட்டால், யெர்னெய் ஆளுக்குத் தகுந்த மாதிரி நடக்கிறான் என்று பேச்சு வருமே. நியாயவான் வேஷம் போட ஆசைப்பட்டு நேரே சங்கத் தலைவர் ப்ரெஸ்க்வாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மே மாதம் சங்க அறையில் விசாரணை. சிரில் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு வந்து நின்றான். கொஞ்ச நாளாகவே அவன் அப்படித்தான் நிற்பான். ஆள் திமிர் பிடித்துவிட்டான் என்று நினைத்திருந்தேன்.

“சிரில், ஆத்துல இறங்குனியா?” என்று கேட்டார் தலைவர்.

“இறங்கல தலைவரே. தடைக்காலத்துல நான் எதுக்கு இறங்கறேன்?”

“அப்ப இது யாருதுன்னு பாத்துச் சொல்லு.”

ஒரு தட்டில் ஈயையும் கண்ணாடியையும் நகர்த்தினார். சிரில் பையிலிருந்து கையை எடுத்தான். கண்ணாடியைத் தூக்கினான். கை நடுங்கியது. கண்ணாடி தட்டின் விளிம்பில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது. ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு முகம் மாறிப்போனது. கண்ணாடியை வைத்துவிட்டுக் கையை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டான்.

“என் சொந்த ஈதான்” என்றான்.

“யாருக்காவது குடுத்தியா?”

“நான் யாருக்கும் குடுக்கல.”

“அப்படின்னா நீதானே?”

சிரில் தட்டிலிருந்த ஈயையே பார்த்துக்கொண்டு நின்றான். குழுவில் ஆறு பேர். அவர்களில் இரண்டு பேர் அவன் கட்டிய ஈயிலேயே பெரிய மீன் பிடித்து வீட்டுச் சுவரில் படம் மாட்டியவர்கள். தயங்கினார்கள். அப்போது நான் வாயைத் திறந்தேன்.

“குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? நெஞ்சு தெரியலன்னா கையைப் பாத்தீங்களா? இருபது வருஷமா இந்தக் கை நடுங்கி நான் பாத்ததே இல்ல.”

அவ்வளவுதான். ஆறு பேரும் கை தூக்கினார்கள். ஆயுள் முழுக்கத் தடை. கரையில் தூண்டிலோடு நிற்கக் கூடாது, தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது சிரில் நின்றான்.

“நல்லா காவல் காக்கற, யெர்னெய்” என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு சிரில் பாலத்து மனிதனாகிவிட்டான். பாலம் ஊராட்சிக்குச் சொந்தம், சங்கத்துக்கு இல்லை. ஆலை விட்டதும் அங்கே வந்து கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையும் பைக்குள், இருட்டுகிற வரை நிற்பான். கீழே தண்ணீரில் நிற்கிறவர்கள் வெட்கமில்லாமல், “சிரில், எதைத் திங்குது?” என்று கேட்பார்கள். “பழுப்பு, சின்னது. உனக்கு இடதுபக்கம் கல்லுக்குப் பின்னாடி ஒண்ணு நிக்குது, ரெண்டு கிலோ தேறும். அவசரப்படாம போடு” என்பான். அவர்கள் பிடிப்பார்கள். இவன் வீட்டுக்குப் போய்க் களியும் புளித்த முட்டைக்கோசும் சாப்பிட்டுப் படுப்பான். ஈ விற்பனை மட்டும் நிற்கவில்லை. ஆள் திருடனென்றாலும் ஈ நல்ல ஈதானே.

நடுவில் நாடே மாறியது. கொடி மாறியது, பணம் மாறியது, சங்கத்தின் ரப்பர் முத்திரை மாறியது. சிரிலின் தடை மட்டும் மாறவில்லை.

1993 செப்டம்பரில் ஒரு நாள் மத்தியானம், என் மைத்துனனுக்குப் பரிசு கொடுக்க ஒரு டஜன் ஈ வேண்டும் என்று சிரில் வீட்டுக்குப் போனேன். ஏழு வருஷத்தில் அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. விடுதியில்தான் வாங்குவது வழக்கம், அன்று விடுதி பூட்டியிருந்தது. சமையலறைக் கதவு திறந்திருந்ததால் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

சன்னலோரம் மேசையில் கொக்கியைக் கவ்விப் பிடிக்கிற சின்ன வைஸ். அதன் முன்னால் மில்கா உட்கார்ந்திருந்தாள். மாவு பிசைகிறாற்போலச் சர்வசாதாரணமாக, இடக்கையால் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மில்கா வலக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் என்னை அறைந்ததே வலக்கையால்தான். சிரில் பக்கத்து பெஞ்சில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, “இன்னும் ஒரு சுத்து குறை, தலை பெருசாகுது” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மில்கா சட்டென்று துண்டை எடுத்து வைஸை மூடினாள்.

“பாத்துட்டான்ல. எடு துண்டை” என்றான் சிரில். “உக்காரு யெர்னெய்.”

அவன் இடக்கையை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினான். வயிற்றுவலிக்காரன் மாதிரி அது தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. “அப்பாவுக்கும் இதே நடுக்கம். எண்பத்துநாலுலயே வந்துட்டுது. தூண்டில் கழியைப் புடிச்சா அடங்கிடும், ஊசியைப் புடிச்சா ஆடும். வந்து ரெண்டு மாசத்துல ஒரு ஈ கட்ட முடியல.”

“அப்ப எண்பத்துநாலுலேருந்து...”

“நான்தான்” என்றாள் மில்கா. “இந்த வைஸ்ல இவன் கை எப்படி இருந்துச்சோ அப்படியே இடக்கையால பழகினேன். கம்பி இந்தப் பக்கம் சாயணுமே. ஒரு வருஷம் ஆச்சு. எத்தனை தட்டு தண்ணி.”

“அந்த ஊதா ஈ?” என்று கேட்டேன்.

மில்கா சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தலைநகரத்தில் கைநடுக்கத்துக்குப் பெரிய டாக்டர் ஒருவர் இருந்தார். பார்க்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அவர் எங்கள் ஆற்றுக்கு ஜூன் மாதம் வருகிற மீன்பிடிக்காரர். ‘உன் புருஷன் விற்காத அந்த ஒரு ஈ கிடைக்குமா’ என்று கேட்டார். சிரிலுக்குத் தெரியாமல் நான்கு கட்டிக் கொடுத்தாள். அடுத்த வாரமே சிரிலைப் பார்த்தார். மருந்து ஒன்றும் பலிக்கவில்லை. அந்த நான்கில் ஒன்றுதான் ஏப்ரலில் வில்லோ கிளையில் தொங்கியது.

“விசாரணையில கண்ணாடி வச்சுப் பாத்தேன், தலை முடிச்சுல ஒரு சுத்து கூட இருந்துச்சு” என்றான் சிரில். “இவ முடிச்சு. அப்பவே புரிஞ்சிட்டுது. வீட்டுக்கு வந்து, டாக்டருக்கு நீ என்ன குடுத்தன்னு மட்டும் கேட்டேன். அழுதா.”

“டாக்டருக்குக் குடுத்தோம்னு சொல்லியிருக்கலாமேடா.”

“எந்த டாக்டர்னு கேப்பாங்க. கை டாக்டர்னு சொல்லணும். எதுக்குக் கை டாக்டர்னு அடுத்து கேப்பாங்க.” சிரித்தான். “வியன்னாக்காரன் எதைக் கேட்டு வரான்? சிரிலோட கை. அதுவே இல்லன்னு சங்கத்துல எந்திரிச்சு நின்னு சொல்லச் சொல்றியா? ஆறு போனா போவட்டும், பேரு இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அந்த டாக்டரை எனக்குத் தெரியும். வருஷா வருஷம் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவன் நான். ஒரு நாள் அளவுக்கு மேல் ஒரு மீனைக் கூடைக்குள் போட்டார். நான் வில்லோ மரத்தை வேடிக்கை பார்த்தேன். போகும்போது பிளம் பிராந்தி ஒரு புட்டி கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். வெட்கக்கேட்டைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்லி என்ன பயன்?

“நாளைக்கே தலைவர்கிட்ட சொல்லி உனக்கு மறுபடி உறுப்பினர் கார்டு வாங்கித் தரேன்” என்றேன்.

“வேண்டாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். “எனக்கு ஒரு சாயங்காலம் போதும் யெர்னெய். பாலத்துக்குக் கீழே. வெயில் இறங்கினப்புறம் ஒரு மணி நேரம். மீனைக்கூட விட்டுடறேன். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். அன்னிக்கு மேல் பக்கமா ரோந்து போ, அவ்வளவுதான்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கார்டு இல்லாம எப்படிடா? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல” என்றேன். அவன் செய்யாத குற்றத்துக்கு அவனைத் தண்டித்தவன், அவனிடமே சட்டம் பேசினேன். டாக்டருக்கு மரத்தை வேடிக்கை பார்த்த கண்ணுக்குச் சிநேகிதனுக்காக ஒரு மணி நேரம் திரும்பிக்கொள்ள மனசு வரவில்லை. பயம்தான். தடை பண்ணின ஆளோடு கூட்டுச் சேர்ந்தான் என்று யாராவது சொல்லிவிட்டால்? இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு, அதற்குள் கறுப்புப் புள்ளி வேண்டாம் என்று கணக்குப் போட்டது மனசு.

“சரி விடு” என்றான் சிரில். மில்கா ஒரு டஜன் ஈயைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

அக்டோபர் முழுக்க நல்ல பருவம். தினமும் சாயங்காலம் லிப்பன் மேலே வந்து வட்டம் வட்டமாகத் தண்ணீரைக் கிள்ளியது. சிரில் பாலத்தில் நின்றான். நான் கீழே ரோந்து போகும்போது தொப்பியைத் தூக்குவேன், அவன் தலையை ஆட்டுவான். நாளைக்குச் சொல்லலாம், இன்று ஆள் அதிகம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நவம்பர் கடைசியில் பருவம் முடிந்தது. மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிப்ரவரியில் நெஞ்சில் சளி கட்டிப் பத்தே நாளில் சிரில் போய்விட்டான்.

சங்கத்து உறுப்பினர் இறந்தால் நாங்கள் பச்சைத் தொப்பியோடு போய், சவப்பெட்டிமேல் ஆளுக்கு ஒரு ஈயைக் குத்திவிட்டு வருவோம். சிரிலுக்கு யாரும் அப்படிப் போகவில்லை. ஆலைக்காரர்கள் பத்துப் பேரும் அக்கம்பக்கமும்தான். நான் கறுப்புத் தொப்பியில் கடைசி வரிசையில் நின்றேன். அன்று ராத்திரி தூங்கவில்லை.

மார்ச்சில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அறுபது பேர் இருந்தார்கள். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கை நடுக்கத்தைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன், மில்காவின் இடக்கையைச் சொன்னேன், நான் சொன்ன பழமொழியையும் சொன்னேன். ப்ரெஸ்க்வார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தும்பை விட்டு வாலைப் பிடிக்கறோம். இருந்தாலும் பிடிப்போம்” என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். தடையை ரத்து செய்து, அந்த வருஷத்துக்கு சிரில் பெயரில் உறுப்பினர் கார்டு எழுதி, முத்திரை குத்தினார்கள். டாக்டருக்கு என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. கார்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவன் நான்தான் என்று முடிவாயிற்று. எனக்குப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான் போனபோது மில்கா சன்னலோரம் உட்கார்ந்து ஈ கட்டிக்கொண்டிருந்தாள். இடக்கையால்தான். கார்டை மேசையில் வைத்தேன். எடுத்துப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“நான்தான் கட்டினேன்னும்?”

“அதைச் சொல்லாம எப்படி மில்கா? அதைச் சொன்னாத்தான அவன் திருடன் இல்லன்னு...”

கார்டைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை.

“அந்த ஒண்ணைக் காப்பாத்தத்தான் சிரில் ஏழு வருஷம் பாலத்துல நின்னான். ஆத்தைக் குடுத்துட்டு அதை வச்சுக்கிட்டான். உன்கிட்ட கேட்டது ஒரு சாயங்காலம். அதை இல்லன்னுட்ட. சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினான். அதை அவன் போன மறுமாசமே அறுபது பேர் முன்னாடி சொல்லிட்டு, கார்டைக் கொண்டாந்து வைக்கற.”

அவள் வைஸில் இருந்த கொக்கியில் நூலை முடித்து அறுத்தாள். தட்டில் போட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தது.

“இனிமே இதை யாரோட கைன்னு சொல்லி விக்கட்டும் யெர்னெய்?” என்றாள்.